குருளை தர்ம விசாரம் அல்லது உக்கடத்து எல்லை வழக்கு

1. பாயிரம்

நூல் செய்யப் புகுவோர் விஷயம், சம்பந்தம், பிரயோஜனம், அதிகாரி ஆகிய நான்கையும் முகப்பிலேயே அறிவித்துவிட வேண்டும் என்று முன்னோர் விதித்திருப்பதால், நாமும் அவ்விதிக்கு அடங்கியே தொடங்குவோம். இந்நூலின் விஷயமாவது, ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்த நாய்க்குட்டியின்மேல் சுமத்தப்படும் இரண்டு அபவாதங்கள்: நடு ஆசாரத்தில் நீர் விடுகிறது என்பது ஒன்று, தன்னை ஆதரித்த கையையே கடித்துப் பார்க்கிறது என்பது மற்றொன்று. பிரயோஜனமாவது, உலர்ந்த தரையும் கிழியாத வேட்டியும். இதைக் கற்பதற்குரிய அதிகாரி, விடியற்காலையில் விளக்கைப் போடுமுன் வெறுங்காலால் ஈரத்தை மிதித்தவர். மிதித்தவருக்கும் நூலுக்கும் உள்ள சம்பந்தத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை அற்பமான பொருளுக்கு ஒரு சாஸ்திரம் வேண்டுமா என்று ஆட்சேபிப்பவர், கோயமுத்தூரின் உக்கடத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். நொய்யலிலிருந்து நீர் பெற்றுச் சுமார் 320 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் பெரியகுளம் இருப்பது அங்கே. நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் சாக்கடை நீரைச் சுத்தி செய்யும் திறனுடைய மாநகராட்சி நிலையம் இருப்பது அங்கே. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ய மாநகராட்சி வைத்திருக்கும் நிலையங்களுள் ஒன்று இருப்பதும் அங்கேதான். இவ்வாறு நீர், கழிவு, நாய் என்னும் மூன்று தத்துவங்களும் பொதுச் செலவில் பரிபாலிக்கப்படும் ஒரு பேட்டையில், இரண்டு மாதக் குட்டியொன்று விடும் அரைக் கரண்டி நீருக்கு மட்டும் பரிகாரம் காணப்படாமல், துடைக்க வேண்டியவர் யார் என்னும் வாதத்தில் மாமியாரும் மருமகளும் ஒரு பகலைக் கழிப்பார்களாயின், அந்தக் குறையை நிவர்த்தி செய்வது கற்றோர் கடமையன்றோ?

2. வரலாற்றியல்

இவ்வழக்கு பழமையானதன்று. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுத்தபோது, வெருகுக்கும் எலிக்கும் அணிலுக்கும் குட்டி என்பதைக் கொடுத்து, நாய்க்குக் குருளை என்பதைப் புலியோடும் பன்றியோடும் முயலோடும் பொதுவாக வைத்தார். ஆனால் அந்தக் குருளை எங்கே நீர் விட வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சூத்திரமும் செய்தாரில்லை. அத்துணை நுட்பம் வாய்ந்த ஆசிரியர் ஒன்றைச் சொல்லாமல் விட்டாரென்றால், அக்காலத்தில் அக்கேள்வியே எழவில்லை என்றுதான் நாம் அனுமானம் செய்ய வேண்டும்.

கொங்குநாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் அண்மைக் காலம் வரையில் நிலவிய ஏற்பாடு இவ்வனுமானத்துக்குச் சாட்சி. அங்கே நாய்க்கு உத்தியோகம் உண்டு. ஆட்டுப்பட்டிக்கும் களத்துமேட்டுக்கும் காவல் அது. வைக்கோற்போரின் அடியில் பிறந்து, வாசலில் வளர்ந்து, வட்டலில் மிஞ்சியதை உண்டு, வேலியோரம் முழுவதையும் தன் கழிப்பிடமாக அனுபவித்துவந்த அந்தப் பிராணி நிலைப்படியைத் தாண்டியதேயில்லை. தாண்டாத ஒன்றுக்குத் தாண்டியபின் ஒழுக வேண்டிய முறையைப் போதிப்பார் யார்? பொடக்காளி என்னும் கொல்லைப்புறம் ஒன்று இருந்தவரையில் இந்தச் சாஸ்திரத்துக்கு இடமில்லை. சுவரோடு சுவர் ஒட்டி, வாசற்படி இறங்கினால் தெருவே என்னும்படியான உக்கடத்துச் சந்து வீடொன்றுக்குள், மேம்பாலத்து நிழலில் கத்திக்கொண்டிருந்த குட்டியை ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து சேர்ந்த அன்றுதான் வழக்கு பிறந்தது.

3. இடவியல்

வாதி வீட்டார்; பிரதிவாதி குட்டி. குட்டி சுத்தமறியாத ஜந்து என்பது வாதியின் முறையீடு. அதை நாம் முற்றிலும் மறுக்கிறோம். பிறந்த இரண்டு மூன்று வாரங்கள்வரை குட்டிக்குத் தானாக நீர் விடும் சக்தியே கிடையாது. தாய் அடிவயிற்றை நக்கிக் கொடுத்தால்தான் நீரும் மலமும் வெளிப்படும். வெளிப்பட்டதையும் தாயே நக்கி விழுங்கிவிடுவதால் படுக்கை நனைவதில்லை. மூன்றாவது வாரத்துக்குமேல், கண் தெரிந்து கால் ஊன்றக் கற்றதும், ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே அது படுக்கையை விட்டுத் தள்ளாடி வெளியே வந்து, காரியத்தை முடித்துக்கொண்டு திரும்புகிறது. ஆகவே, படுத்த இடத்தை நனைக்கலாகாது என்னும் தர்மம், நம் வீட்டு நிலைப்படியைத் தாண்டும்போதே அதற்குக் கைவந்ததாக இருக்கிறது.

அப்படியானால் பிணக்கு எதில்? வீடு என்பது எதுவரை என்பதில். நாம் கிரயப் பத்திரத்தைக் கொண்டு நான்கு எல்லை சொல்லுகிறோம். குட்டியோ மோப்பத்தைக் கொண்டு சொல்லுகிறது. அடுப்படி மூலையில் விரித்த சாக்கும் அதைச் சுற்றி நாலு சாண் தரையுமே அதன் அபிப்பிராயத்தில் வீடு. அதற்கு அப்பாலுள்ள ஆசாரம், தாழ்வாரம், மாமனாரின் கட்டிலடி அனைத்தும் புறம்போக்கு. புறம்போக்கைக் கண்டால் ஓரமாக ஒதுங்குவது நம்மவரில் பலருக்கும் சம்மதமான வழக்கமாயிருக்க, குட்டி ஒன்றை மட்டும் கோபித்துக்கொள்வது எந்த நியாயத்தில் அடங்கும்? அன்றியும், காலுக்கு மெத்தென்றிருந்து, விட்ட நீரை உடனே உறிஞ்சி, மேலே தெறிக்க விடாத தரையை நாய்ச்சாதி நாடுமாதலால், ஒரம்பரை வந்தால் விரிப்பதற்கென்று பத்திரமாக வைத்திருந்த, புவிசார் குறியீடும் பெற்ற பவானி ஜமக்காளம் அதற்கு உத்தமமான புல்தரையாகவே புலப்படுகிறது.

இதிலிருந்து பெறப்படும் சித்தாந்தமாவது: குட்டிக்குப் புதிதாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியதில்லை; அது கொண்டுவந்திருக்கும் சட்டத்தின் எல்லையை விஸ்தரித்துக் கொடுத்தால் போதும். வந்த அன்றே வீடு முழுவதையும் திறந்துவிடாமல், படுத்துப் புரளவும் எழுந்து திரும்பவும் போதுமான ஒரு சிறிய தடுப்பிடத்தை அதற்கு ஒதுக்கி, கண் பார்வையில் வைத்துக்கொள்ள முடியாத நேரங்களில் அங்கேயே இருக்கச் செய்ய வேண்டும். அவ்விடத்தில் சில வாரங்கள் பிசகின்றிக் கழிந்தபின் அடுத்த அறையைத் திறக்கலாம். திறந்த அறையிலேயே சோறு வைத்து, விளையாட விட்டு, ஒரு தூக்கமும் தூங்கச் செய்தால், அந்த அறை குட்டியின் மனத்தில் புறம்போக்குக் கணக்கிலிருந்து நீங்கிப் பட்டா நிலமாகிவிடும். இப்படி அறை அறையாகப் பட்டா வழங்கிக்கொண்டு போக, ஒருநாள் வீடு முழுவதும் அதன் பேரில் பதிவாகும். அதற்குப்பின் கட்டிலும் நாற்காலியும் யாருடையவை என்ற புதிய வழக்கு எழலாம். அது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

4. காலவியல்

எல்லையை அறிந்திருந்தும் அடக்கிக்கொள்ளச் சக்தியில்லாத நிலையில் நேர்வதைக் குற்றமென்று கொள்ளலாகாது. குட்டிக்கு எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம், மிஞ்சினால் மேலும் ஒரு மணி நேரம் அதன் மூத்திரப்பை தாங்கும் என்பது நாய் வளர்ப்போரிடையே வழங்கும் உத்தேசக் கணக்கு. இரண்டு மாதக் குட்டியை அடைத்துவிட்டுக் காந்திபுரத்துக்குப் போய்ச் சினிமாவும் பார்த்து, மசால் தோசையும் உண்டு திரும்புகிறவர், நனைந்த தரையைக் கண்டு திடுக்கிட அருகதையற்றவர்.

நித்திய கர்மங்களாவன: தூங்கி எழுந்தவுடன் ஒருமுறை, உண்டபின் ஒருமுறை (வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது சரீரத்தின் இயல்பு), விளையாட்டு ஓய்ந்தவுடன் ஒருமுறை, படுக்கப் போகுமுன் ஒருமுறை, நடுநிசியில் ஒருமுறை. நைமித்திக கர்மமாவது, வெளியூரிலிருந்து வந்த அத்தையைக் கண்ட பரவசத்தில் அவர் கால்விரலின்மேல் விடுவது. இதைக் குட்டி அறிந்து செய்வதில்லையாதலால் இதற்குப் பரிகாரம் அத்தைக்குச் சொல்லும் சமாதானம் ஒன்றே. நீரைக் குறைத்து நிலைமையைச் சமாளிக்கலாம் என்று கருதிச் சிறுவாணித் தண்ணீரை மறைத்து வைப்பாரும் உளர். கோடையில் அது குட்டியின் உயிருக்கே கேடு.

மேற்சொன்ன வேளைகள் தவறினும் குட்டி எச்சரிக்கை செய்யாமல் இருப்பதில்லை. பந்தைத் துரத்திக்கொண்டிருந்த குட்டி திடீரென்று பந்தை மறந்து நிற்கும். மூக்கைத் தரையோடு வைத்து ஒரே இடத்தை முகர்ந்தபடி இரண்டு வட்டம் போடும். வாலின் அடி சற்றே உயரும். பின்னங்கால்கள் அகன்று இடுப்புத் தாழும். அந்தச் சமயத்தில் அதன் பார்வை அருகிலிருக்கும் எவர்மேலும் படியாமல், சுவரைக் கடந்து தூரத்தில் எதையோ தியானிப்பது போலிருக்கும். முகர்தலுக்கும் தாழ்தலுக்கும் இடையே உள்ள அந்த இரண்டு மூன்று வினாடிகளே இச்சாஸ்திரத்தின் ஜீவநாடி. அதற்குள் குட்டியை அலறாமல் தூக்கிக் குறித்த இடத்தில் விட்டவர் ஜெயித்தார். கைப்பேசியை எங்காவது வைத்துவிட்டு வரலாமென்று நினைத்தவர் தோற்றார்.

குறித்த இடம் எது என்பதில் உக்கடத்தாருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. தெருவுக்கோ குளக்கரைக்கோ கொண்டுபோகலாமென்றால், தடுப்பூசிகள் முடியாத குட்டியைப் பிற நாய்கள் புழங்கும் மண்ணில் விடுவது, பார்வோ என்னும் கொடிய குடல்நோய்க்கு வழிவிடும் என்று கால்நடை வைத்தியர்கள் தடுக்கிறார்கள். தடுப்பூசி வரிசை முடியக் குட்டிக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆகிவிடும். அதுவரையில் மொட்டை மாடியில் ஓர் அகன்ற தட்டில் மண்ணும் புல்லும் பரப்பி வைப்பதே இசைவான உபாயம். பழைய தினசரித் தாளை விரித்துப் பழக்குவதும் உண்டு. ஆனால் பழைய தாளுக்கும் அன்று காலையில் வந்து இன்னும் பிரிக்கப்படாத தாளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குட்டி அங்கீகரிப்பதில்லை என்பதை மாமனார்கள் உள்ள வீட்டார் கவனிக்க வேண்டும்.

குறித்த இடத்தில் காரியம் நடக்கும்போது ஒரே சொல்லை மெதுவாகச் சொல்லி, முடிந்த மறுகணமே ஒரு பொறைத் துணுக்கைக் கொடுத்துக் கொண்டாடினால், நாளடைவில் அந்தச் சொல்லே காரியத்தை வரவழைக்கும். ஜீரண ஆராய்ச்சிக்காக 1904இல் நோபெல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், உணவோடு சேர்ந்து கேட்கும் ஓசைக்கே நாயின் வாயூறும் என்று காட்டிய தத்துவம் இதற்கு நெருங்கிய உறவு. மறுகணம் என்றது முக்கியம். படியேறி உள்ளே வந்து, டப்பாவைத் தேடி, மூடியைத் திறந்து கொடுக்கும் சன்மானம் நீர் விட்டதற்காக வந்ததென்று குட்டி நினைக்காது. படியேறியதற்காக வந்ததென்றே நினைக்கும்.

5. தண்டவியல்

பிசகிய குட்டியை என்ன செய்வது என்பதில் உக்கடத்தில் மூன்று மதங்கள் உள்ளன. அடிக்க வேண்டும் என்பது தண்டவாதம். வளர்ந்தால் தானே சரியாகும் என்பது காலவாதம். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்க வேண்டும் என்பது நாசிகாவாதம். இவற்றுள் கடைசி மதத்துக்கே அனுயாயிகள் மிகுதி.

"ஏங்கண்ணு, மூக்கைப் புடிச்சு அதுலயே நாலு தேய்ப்புத் தேய்ச்சுடு, பொறவு அந்தப் பக்கமே வராது" என்பார் எதிர்வீட்டு ஆத்தா.

"தேய்ச்சேனுங்க ஆத்தா. அந்தப் பக்கம் வரதில்லீங்க; இப்பக் கட்டிலுக்கு அடியில போயி இருந்துட்டு வருதுங்க" என்பார் வீட்டுக்காரர்.

நாசிகாவாதத்தைக் கண்டிக்க இதைவிட வேறு பிரமாணம் வேண்டியதில்லை. தேய்க்கப்பட்ட குட்டி கற்றுக்கொண்ட பாடம், மனிதர் கண்ணெதிரே நீர் விடுதல் அபாயம் என்பதே. அவ்வளவில் நின்றால் கேடில்லை. மறுநாள் மாடியில் நாம் எதிரே நின்று காத்திருக்கும்போதும் அதே பாடத்தை நினைத்து அது அடக்கிக்கொண்டு, கீழே இறங்கியதும் கட்டிலடியைத் தேடி ஓடுகிறது.

"செய்த தப்பு அதற்குத் தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்" என்பது தண்டவாதிகளின் பூர்வபட்சம். நியூயார்க் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அம்மையார் 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காதைத் தாழ்த்திக் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அந்த முகபாவம் தப்புச் செய்த நாயிடம் மட்டும் தோன்றவில்லை, எஜமானர் அதட்டிய நாய்களிடமெல்லாம் தோன்றியது என்றும், ஒரு தப்பும் செய்யாமல் அதட்டப்பட்ட நாய்களிடம் அது மிகுதியாகவே காணப்பட்டது என்றும் நிரூபித்தார். இதற்கு அம்மையாரை எதிர்பார்த்திருக்க வேண்டியதுமில்லை. மகாபாரதத்தின் ஆதி பர்வத்திலே, ஜனமேஜயனின் யாகசாலைக்குள் வந்த நாய்க்குட்டி ஒன்றை அவன் தம்பியர் அடித்துத் துரத்த, அவிசைப் பார்க்கவுமில்லை, நக்கவுமில்லை என்று அது தாயாகிய சரமையிடம் அழுது முறையிட, குற்றமற்ற பிள்ளையை அடித்தீராதலின் காணாத பயம் உம்மை வந்தடையும் என்று சரமை சபையேறிச் சபித்தாள் என்பது இதிகாசம். குருவம்சத்து அரசனையே கலங்க வைத்த சாபத்தை உக்கடத்துக் கிருகஸ்தர் அலட்சியம் செய்வது உசிதமன்று.

ஆகவே விசாரணையைக் குட்டியின்மேல் நடத்தாமல் தரையின்மேல் நடத்த வேண்டும். நீரின் வாசனை, இவ்விடம் கழிப்பிடம் என்று நாய் எழுதிவைத்த சாசனம். பினாயில் அந்தச் சாசனத்தை மனித மூக்குக்கு மட்டும் மறைக்கிறது. அமோனியா கலந்த திரவங்களோ, மூத்திரத்திலும் அமோனியாவின் நெடி உள்ளபடியால், சாசனத்தைப் புதுப்பித்தே கொடுக்கின்றன. ஈரத்தைத் தேய்த்துப் பரப்பாமல் பழந்துணியை அழுத்தி ஒற்றியெடுத்து, நீர் கலந்த வினிகராலோ, இதற்கென்றே விற்கும் நொதித் திரவத்தாலோ கழுவிக் காயவிட்டால், பத்திரம் ரத்தாகும்.

6. தந்தவியல்

கடியைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் நாய்க்கடிக்குத் தமிழ்நாட்டில் உள்ள கௌரவத்தை அறிய வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுத்த நடுகல்லில், மடிந்த வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டு, கோவிவன் என்ற பெயருடைய அந்நாய் இரண்டு கள்ளரைக் கடித்த செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. கடித்ததற்காகக் கல்லில் பெயர் பெற்ற மரபில் வந்த பிராணி, கடிக்கவே கூடாது என்று நாம் சொல்வதைக் கேட்டுத் திகைப்பது இயல்பே.

குட்டிக்குப் பாற்பற்கள் 28. மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, நான்காவது மாதத்தில் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்களுக்கு இடம் கொடுத்துவிடும். தாடைக்குப் பலமில்லாத பருவத்தில் பற்கள் ஊசிபோல் கூர்மையாக அமைந்திருப்பதால், சிறு கடியும் சுருக்கென்று உறைக்கிறது. அந்த உறைப்பே குட்டிகளின் பள்ளிக்கூடம். உடன்பிறந்ததைக் குட்டி அழுத்திக் கடித்தால் அது வீலென்று கத்தி விளையாட்டை விட்டு விலகிவிடும். விளையாட்டு நின்றுபோகும் துக்கத்தைப் பலமுறை அனுபவித்துத்தான், இவ்வளவுவரை கடிக்கலாம், இதற்குமேல் ஆகாது என்னும் அளவைக் குட்டி கற்கிறது. எட்டு வாரம் நிறையாத குட்டிகளை விற்கலாகாது என்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் தடுப்பதற்கு ஆதாரமாகச் சொல்லத்தக்க காரணங்களுள் இதுவும் ஒன்று. எனவே இங்கும் புதுச் சட்டம் தேவையில்லை. ரோமம் போர்த்த தோலுக்கென்று விதித்த அளவை, ரோமமில்லாத நம் தோலுக்கேற்பத் திருத்திக் கொடுப்பதே வேலை.

இதற்கு அர்த்த சாஸ்திரிகள் சொன்ன நான்கு உபாயங்களுள் முதல் மூன்றும் போதும். சாமமாவது, பல் அழுந்திய கணத்தில் குட்டி கத்துவதுபோல் ஒருமுறை கத்தி, கையைப் பிடுங்காமல் அசைவற்று நிறுத்துவது. பிடுங்கும் கை ஓடும் இரையாகிவிடும். சில குட்டிகளுக்கு அந்தக் கத்தலே உற்சாகமூட்டுமாதலின் அவற்றினிடம் மௌனமே சாமம். தானமாவது, கடிக்கத்தக்க வேறொன்றை வாயில் கொடுப்பது. மேட்டுப்பாளையம் வழியாக இறங்கி வரும் ஊட்டிக் கேரட்டைக் குளிரவைத்துப் பக்கத்திலிருந்து கொடுத்தால் ஈறு நமைச்சலுக்கு இதம். பழஞ்செருப்பைக் கொடுப்பது மட்டும் ஆகாது, புதுச் செருப்பும் அதே ஜாதியென்று குட்டி முடிவு செய்யும். பேதமாவது, எழுந்து ஒரு வார்த்தையும் பேசாமல் அறையை விட்டு வெளியே போய், அரை நிமிஷம் கழித்துத் திரும்புவது. வேட்டியின் கரையைக் கவ்விக்கொண்டு தலையை இடமும் வலமும் உதறும் குட்டியை, "விடு, விடு" என்று இழுக்க இழுக்க அது இழுப்புப் போட்டியென்றே மகிழ்கிறது. நின்றுவிட்டால் இரண்டு உதறலுக்குப்பின் வாய் தானே சலிக்கும். நான்காவதாகிய தண்டத்தை, வாயை இறுக்கிப் பிடிப்பது முதலிய வடிவங்களில் பிரயோகித்தவர்கள், விளையாட்டாகக் கடித்த குட்டியைப் பயந்து கடிக்கும் நாயாக மாற்றியதைத் தவிர வேறு பலன் கண்டிலர்.

கடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாளொன்றுக்கு 18 மணி முதல் 20 மணி நேரம் உறங்க வேண்டிய பருவம் அது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் மாறி மாறித் தூக்கிக் கொஞ்சியதில் தூக்கம் கெட்ட குட்டி, அந்தி வேளையில் பேய் பிடித்ததுபோல் வீட்டைச் சுற்றி ஓடி எதிர்ப்பட்ட கணுக்காலையெல்லாம் கவ்வுமானால், "ராவிடி தாங்க முடியலீங்க" என்று அலுத்துக்கொள்ளாமல் அதைத் தடுப்பிடத்தில் விட்டு விளக்கை அணைப்பதே வைத்தியம்.

வைத்தியம் என்றதும், பரிகாசத்துக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெறிநாய்க்கடிக்குப் பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு மருந்து செலுத்தியது 1885இல். இந்தியாவில் அதற்கென்று கசௌலியில் ஒரு நிலையம் தோன்றியது 1900இல். தென்னாட்டார் இமயமலைச் சாரல்வரை போகாமல் பிழைக்கும்படி நம் பக்கத்து மலையாகிய குன்னூரில் நிலையம் திறந்தது 1907இல். இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததை விளையாட்டுக் கடிதானே என்று வீணாக்கலாகாது. தெருவில் கண்டெடுத்த, ஊசி போடாத குட்டியின் பல் பட்டுத் தோல் கீறினால், சோப்பும் ஓடுகிற நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். அங்கே ஊசிக்குக் கட்டணமில்லை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்க்குரிய தடுப்பூசியையும் போட்டுவிட வேண்டும்.

7. தீர்ப்பு

இருதரப்பு வாதங்களையும் பரிசீலித்ததில், பிரதிவாதி தனக்கு விதித்த தர்மத்தை ஓரிடத்திலும் மீறவில்லை என்பதும், வாதி தம் வீட்டின் எல்லையையும் தம் தோலின் அளவையும் பிரதிவாதிக்குத் தெரியும்படி அறிவிக்கத் தவறினார் என்பதும் ருசுவாகின்றன. ஆகவே குட்டி நிரபராதி. நிலைப்பற்கள் முளைத்து முடியும்வரை அதற்கு அவகாசம் அளிக்கப்படுகிறது. இடைக்காலத்தில் ஏற்படும் செலவு, ஜமக்காளத்தின் சலவைக் கூலி உட்பட, வாதியையே சாரும். இத்தீர்ப்பின்மேல் அப்பீல் இல்லை.